தாலிக் கயிறும் கறுப்பாக விழுந்த படம்

பதுளைக் கடைத்தெருவில் எங்கள் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த காலத்தில், என் கழுத்துத் தோல் திட்டுத் திட்டாகத் தடித்து இறுகத் தொடங்கியது. அபூர்வமான வியாதி, குஷ்டமா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது, தோல் மரத்துப்போனால் குஷ்டம்தான் என்றார் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர். முகத்துக்கு ஏறினால் குஷ்டம் என்றே எழுதி, கொழும்புப் பக்கம் தனியே அடைத்துவிடுவார்கள். என் மகனுக்கு அப்போது மூன்று வயது.

வியாதி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க, மாதம் ஒரு திங்கட்கிழமை கம்பவுண்டர் என்னை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் படம் பிடிப்பார். அந்தக் கமராப் பெட்டியை நான் வெறுத்தேன். முகம் பார்க்கும் கண்ணாடியில் சுத்தமாகத் தெரியும் இடத்தில், படத்தில் ஒரு நிழல் விழும். இரண்டு வாரத்தில் அதே இடத்தில் தோல் இறுகும். எனக்கு வரப்போவது அந்தப் பெட்டிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

ஆடி மாதப் படத்தை டாக்டர் மேசையில் வைத்தபோது என் கணவர் பின்வாங்கினார். நெற்றி முதல் கழுத்து வரை கரி பூசிய முகம். கண்கள் மட்டும் என்னுடையவை.

"பார்வைக்கு இன்னும் தெரியேல்ல. ஆனா முகம் முழுக்கப் பரவிப்போட்டுது. இனி வீட்டில வைச்சிருக்கேலாது" என்றார் டாக்டர்.

கணவர் தலையை மட்டும் ஆட்டினார். கடைத்தெருவில் வாய்ச்சவடாலுக்குப் பேர்போன மனிதர்! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. படத்தை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தேன். தாலிக் கயிறும் கன்னங்கரேலென்று விழுந்திருந்தது.

படம் பிடித்த அன்று ஆடிப் பதினெட்டு. வழக்கமாக வெள்ளிக்கிழமை பூசும் மஞ்சள் திங்களுக்குள் போய்விடும். அன்றோ புதுக் கயிற்றுக்கு மஞ்சள் தடவிக் கட்டி, முகத்திலும் பூசிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, வியாதி கயித்துக்குமா வரும்?" என்றேன்.

டாக்டர் கயிற்றைத் தொட்டு, விரலில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்தார். "இந்தப் பெட்டியில மஞ்சள் நிறம் கறுப்பாத்தான் விழும்" என்றார். அடுத்த வாரம் மஞ்சள் இல்லாமல் மறுபடம் எடுத்தார்கள். முகம் தெளிவாக இருந்தது. "பயமில்லை, வீட்டை போங்கோ" என்று டாக்டர் சிரித்தார். கணவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

இடது கண்ணுக்குக் கீழே கடுகளவு நிழல் இருந்ததை அவர்கள் இருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சொல்லவில்லை. அந்த இடத்தில் தினமும் மஞ்சளை அப்பிக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் காலையில் மகன் என் மடியில் ஏறி, அந்த இடத்தில் முத்தமிட்டான். சத்தம் கேட்டது. உதடு பட்டது எனக்குத் தெரியவில்லை.