யார் வழியில் வந்தது

எங்கள் ஒரே மகளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அறுவை சிகிச்சையும் மருந்தும் புதுச்சேரியில் நடந்தன. நடுவில் டாக்டர் அவள் ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறவியிலேயே இருக்கிற கோளாறு, பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும் என்று முடிவு வந்தது.

அன்று காரில் காரைக்காலுக்குத் திரும்பும்போது என் மனைவியிடம், "உன் சித்திக்கும் இதுதானே இருந்தது?" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. விஷயம் தெளிவாகிவிட்டது என்பதுபோலச் சொன்னேன். அவள் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நான் வேளாண்மைக் கல்லூரியில், நெல்லில் புது ரகம் உருவாக்குவது பற்றிப் பாடம் நடத்தியவன். தாய்ச் செடியிலிருந்து பாதி, மகரந்தம் தந்த செடியிலிருந்து பாதி என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனால் மார்பில் வருகிற நோய் பெண்கள் வழியாகத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன். என் அப்பாவுடன் பிறந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். எங்கள் பக்கம் இந்த நோய் கண்ணில் படாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

திருநள்ளாற்றில் லாட்ஜ் நடத்தும் என் தங்கை மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "உங்க அம்மா வீட்டு தோஷம் அண்ணி. நளன் குளத்துல முழுகி எழுந்திருங்க" என்றாள். ஒரு சனிக்கிழமை விடியலில் என் மனைவி தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக முழுகினாள். நான் மாற்றுப் புடவையுடன் படியில் நின்றேன். இது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பிக்கையை மதித்துச் சும்மா இருந்தேன் என்று சொன்னால் பொய். பழி அவள் பக்கம் இருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் பிறந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். மகள் சாப்பிடும்போது எதிரில் உட்காரமாட்டாள். தான் கொடுத்த நோயைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்காருவது என்று ஒருமுறை மகளிடமே கேட்டிருக்கிறாள். அது பொறுக்காமல்தான் மகள் எங்கள் இருவரையும் ரத்தம் கொடுக்கச் சொன்னாள். உறவில் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று டாக்டரும் சொன்னார். முடிவு வரும்வரை சில வாரங்கள் காத்திருந்தோம். என் மனைவிக்கு அதில் சந்தேகமே இல்லை. தனக்கு இருக்கிறது என்று அவள் முன்பே தீர்மானித்துவிட்டாள்.

அவளுக்கு இல்லை. எனக்கு இருந்தது.

அவள் சித்திக்கு அது தானாக வந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஆண்களிடம் எந்த அடையாளமும் காட்டாமலே இது அடுத்த தலைமுறைக்குப் போகும் என்றார். நான் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகளையும் சொன்னார். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து காபி போட்டுக் கொடுத்தபிறகுதான் பேசினாள். "நிம்மதியா இருக்குன்னு சொல்லக்கூட பயமா இருக்குங்க. சொன்னா உங்க தலையில தூக்கி வச்ச மாதிரி ஆயிடும்."

"என் தலையிலதான் இருக்கணும். அன்னைக்கு கார்ல நான் சொன்னது தப்பு" என்றேன்.

"அதை விடுங்க. தங்கச்சிக்குத் தெரியணும். அவளும் உங்க கூடப் பொறந்தவதானே."

நான் போனை எடுத்தேன். போனில் சொன்னால் பயந்துவிடுவாள், நேரில் போவோம் என்றாள் மனைவி. சனிக்கிழமை போனால் லாட்ஜில் பேச முடியாது என்று செவ்வாய்க்கிழமை போனோம். தங்கை படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இது எங்கள் அப்பா அம்மா யாரிடமிருந்தோ எனக்கு வந்தது, அவளுக்கும் வந்திருக்கலாம், அண்ணியை அவள் பேசியபோது நான் வாய்மூடி இருந்தது தவறு என்று.

தங்கை விரிப்புக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப குளத்துல முழுகியிருக்க வேண்டியது நீங்கதானா அண்ணே?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அண்ணியை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

"முழுகறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்," என்றாள் என் மனைவி. "முதல்ல ரத்தம் குடு. நான் கூட வர்றேன்."

சொன்னபடியே புதுச்சேரிக்கு அவளே அழைத்துப் போனாள். முடிவு தெரிந்ததும் தங்கை எனக்குப் போன் செய்யவில்லை, அண்ணிக்குத்தான் செய்தாள். "அண்ணி, எனக்கு இல்லையாம்." அவளுக்கு இல்லையென்றால் அவளுடைய பெண்களுக்கும் இந்தப் பயம் வேண்டாம்.

என் மனைவி போனை வைத்துவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தனக்கு இல்லை என்று தெரிந்த நாளில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான் கதவருகில் போய் நின்றேன்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள்.

வெளியே வந்து நின்றேன்.