என் மகனின் எம்.ஏ.வுக்கு நான் கட்டிய விலை

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்தே அது எந்தச் சந்தைச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு வாடகை ஷெட்டில் சொந்தமாகத் தோல் பதனிடும் ஷாப்பு நடத்தினேன். பதினோரு பேருக்குக் கூலி கொடுத்தேன். ஆறு வருடம் சேர்த்த பணத்தோடு அந்த ஷெட்டையே விலைக்குக் கேட்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் மகன் மதராஸில் எம்.ஏ. தமிழ் படிக்க வேண்டும் என்றான்.

"தமிழ்லதானடா பேசுறோம்? அதுக்கு எதுக்குக் காசு?"

"ஆட்டுத்தோல எல்லாருந்தான் பாக்குறாங்க, அத்தா. ஒங்களுக்குத் தெரியுறது அவங்களுக்குத் தெரியுதா?"



கணக்குப் பார்த்தேன். காலேஜ் சம்பளம், ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம், ரயில். முழுதாகக் கட்டினால் ஷெட் போச்சு. ஏழைப் பிள்ளைகளுக்கான சலுகை கிடைத்தால் இரண்டும் நடக்கும். அதற்கு மனு எழுதித் தர என் மனைவியின் அண்ணன் வந்தார். பி.ஏ. படித்தவர், சர்க்கார் குமாஸ்தா.

"கையெழுத்த மட்டும் போடுங்க மாப்ள. படிச்சா கண்ணு வலிக்கும்" என்று சிரித்தார்.

நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மாணவனின் தகப்பன் தோல் கூலியாம். எழுத்தறிவில்லாதவனாம். பிறர் தயவில் வாழ்கிறவனாம்.

"யாரு தயவுல, மச்சான்?"

"சும்மா எழுதுறதுதான் மாப்ள. எங்க ஆபீஸ்ல வாசிச்சுக் காட்டுனேன், அம்புட்டுப் பேரும் உச்சுக் கொட்டிட்டாங்க!"

அவர் முன்னாலேயே கிழித்தேன். ஷெட்டுக்கு வைத்திருந்த பணம் முழுவதும் மகன் படிப்புக்குப் போனது. ஷெட்டை வேறொருவர் வாங்கி வாடகையை ஏற்றினார். அதையும் கொடுத்தேன். பிள்ளைப் பாசத்தில்தான் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ரயிலடியில் மகன் கேட்டான். "அத்தா, எனக்காகப் படிக்க வைக்கிறீங்களா, மாமுக்காகவா?"

"பட்டம் ஒனக்கு. மிச்சம் எனக்கு. ஏறுடா வண்டில."

தேறினான். ஒரு காலேஜில் வாத்தியாராகவும் சேர்ந்தான். சேதி கேட்டு மச்சான் மூக்கில் கைக்குட்டையோடு ஷாப்புக்கு வந்தார். சுண்ணாம்புத் தொட்டியை ஒட்டி, தோல் ஊறுகிற இடத்துக்கு நேராக, அவருக்கு பெஞ்சு போடச் சொன்னேன்.

"அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருந்தா இந்த எடம் ஒங்களுதாயிருக்கும். இன்னும் வாடகைலயே கெடக்கீங்களே, மாப்ள."

"ஆமா மச்சான். டீ வந்துருச்சு, ஆறிறாம குடிங்க."

குடிக்க வேண்டுமானால் கைக்குட்டையை எடுத்தாக வேண்டும். எடுத்தார். கண்ணில் நீர் கட்ட, ஒரே மூச்சில் குடித்துவிட்டு கிளாஸை வைத்தார்.

நான் அவருக்கு இன்னொரு டீ சொன்னேன்.