சினை ஊசிக்காரனின் நானூறு சிசி

பசுவுக்குச் சினை ஊசி போடுகிற தொழிலில் கெட்டிக்காரன், மோடன் என்று இரண்டு வகை கிடையாது. நேரத்துக்குப் போனவன், போகாதவன் என்றுதான் இரண்டு வகை. மாடு பருவத்துக்கு வந்து கத்துவது ஒரு நாள் கூத்து. அதைத் தவறவிட்டால் மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளைக்கு, வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

நான் பிறந்தது வடக்கே பனிச்சங்கேணி. கலியாணம் கட்டிப் பெண்சாதி வீட்டோடு வந்து குந்தியது தெற்கே தேற்றாத்தீவு. அதனால் என் வாடிக்கை மாடுகளும் இரண்டு அந்தத்திலும் நிற்கின்றன. நடுவில் மட்டக்களப்பு வாவி நீட்டுக்குக் கிடக்கிறது. என் பழைய சின்ன பைக்குக்கு அந்தத் தூரம் ஆகாது. பனிச்சங்கேணி யோகேஸ்வரி அக்காவின் பசு இரண்டு தரம் கத்தி, இரண்டு தரமும் நான் பிந்திப் போனேன். ஒருமுறை செயின் அறுந்தது, மறுமுறை மழையில் எஞ்சின் நின்றது. பிந்திப் போட்ட ஊசி தங்கவில்லை. அக்கா புருசனை இழந்தவ. அந்த ஒற்றைப் பசுவின் பாலை விற்றுத்தான் இரண்டு பெட்டைகளையும் படிப்பிக்கிறா. பாலும் வற்றிக்கொண்டு வந்தது. "அடுத்த முறையும் தங்காட்டி வியாபாரிக்குக் குடுத்திருவன் தம்பி. சும்மா நிக்கிற மாட்டுக்குத் தீனி போட என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டா. வியாபாரி பிடித்துக்கொண்டு போகிற மாடு மறுபடி எந்த மாட்டுப் பட்டிக்கும் போகாது, இறைச்சிக்குத்தான். அந்தப் பேச்சைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிப் போய் வாங்கியதுதான் இந்த நானூறு சிசி ஜப்பான் பைக். தூரப் பயணத்துக்கென்றே செய்தது, முன்னுக்குக் காற்றுத் தடுப்பு, இரண்டு பக்கமும் பெட்டி, ஆனால் எனக்கு முன்னமே பலபேரைச் சுமந்தது. பழசு வாங்கிச் சூடு பட்ட சக பாவிகளே, இனி நான் சொல்வது உங்களுக்குத்தான் விளங்கும்.

விற்றவன்

பைக்கை விற்ற பெடியன் டவுனில் இருந்தான். வெளிநாடு போகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிமாரோடு பாசிக்குடா வரை ஓடிவிட்டு, மற்ற நாளெல்லாம் போர்வை போட்டு மூடி வைத்திருந்தானாம். நான் ஏறிக் குந்தினேன். கை முன்னுக்குப் போனது, கால் பின்னுக்குப் போனது, வயிறு நடுவில் டாங்கியில் போய் முட்டிக்கொண்டது. கண்ணாடி இரண்டிலும் என் முழங்கையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் என்னவோ சாதுவாய்த்தான் இருந்தது. அக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினேன், அவ்வளவுதான், அவன் வீட்டுத் தெரு ஒழுங்கையே முடிந்துவிட்டது! வேர்த்து வழியத் திரும்பி வந்து, இதை மாடு பார்க்கப் போகத்தான் வாங்குகிறேன், ஆறுதலாய், மெதுவாய்த்தான் ஓட்டுவேன் என்றேன். அவன் முகம் செத்துப்போனது. பெட்டை குடுக்கிற தகப்பன் மாதிரி டாங்கியைத் தடவிக்கொண்டே சொன்னான்: "அண்ணன், இத ஆமை மாதிரி ஓட்டாதீங்க. கோவிச்சுக்கும்."

பின் சீற்று

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சுபா, என் மனிசி, பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்து, சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, எல்லாம் முறையாகத்தான் செய்தா. வரும்போது பின்னால் ஏறி இருந்துகொண்டு ஊரைப் பார்த்து வந்தா. ஊரும் அவவைப் பார்த்தது. அந்தப் பெருமை அன்று பின்னேரம் வரைதான். விந்துக் குழாய்கள் உறைந்து கிடக்கிற நைதரசன் குடுவையை ஆடாமல் அசையாமல் நிமிர்த்திக் கட்டியாக வேண்டும். பக்கப் பெட்டிக்குள் அது போகாது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சைக்கிள் டியூப்பால் பின் சீற்றிலேயே இறுக்கிக் கட்டினேன். சுபா வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தா. என்னோடு பேசவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மச்சாளிடம் சொன்னா: "ஊர் மாட்டுக்கெல்லாம் புள்ள குடுக்கிற மனிசன்கா, பெண்சாதிக்கு இருக்க இடமில்லாத வண்டி வாங்கிட்டு வந்திருக்காரு."

களுவாஞ்சிக்குடிச் சந்தையடி

ஓடும் மட்டும் சொர்க்கம். நின்றால் நரகம். இது பெரிய பைக் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த ரகசியம், ஆனால் விற்கிற ஒருவனும் சொல்லமாட்டான். சந்தை நாளில் ஒரு நெல் லொறி குறுக்கே நின்று வழி மறித்துவிட்டது. எஞ்சின் சூடு இரண்டு தொடையையும் அவித்தது. திடீரென்று உள்ளுக்குள் இருந்த காற்றாடி "புஸ்ஸ்ஸ்" என்று சீறத் தொடங்கியது. எனக்கே நெஞ்சு திக்கென்றது. ஓரத்தில் கீரை விற்றுக்கொண்டிருந்த மாமி தன் சாமானையெல்லாம் இழுத்து அணைத்துக்கொண்டு, வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு போத்தல் ஒன்றை நீட்டினா: "பாவம் மனே, மூச்சு இளைக்குது. இறங்கித் தண்ணி காட்டு."

மணல்

வாவிப் பக்க வீட்டு வளவுகளெல்லாம் மணல்தானே. ஒரு பட்டிக்காரர் வீட்டில் சைட் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்திருப்பேன். பின்னால் பொத்தென்று சத்தம். ஸ்டாண்ட் மணலுக்குள் இறங்கி, பைக் சாணிக் கும்பியில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. குடுவை கையில் இருந்ததால் உயிர் வந்தது. காற்றுத் தடுப்பு விரிசல் விட்டு வெடித்துவிட்டது, என் மனமும்தான். பட்டிக்காரரும் மகன்மாரும் ஓடிவந்து நாலு பக்கமும் பிடித்தார்கள், இருநூறு கிலோவுக்குக் கிட்ட இருக்கிறதை எங்கே பிடிப்பது? பிளாஸ்டிக்கைப் பிடித்தால் உடையும், புகைக் குழாயைப் பிடித்தால் சுடும். படுத்த மாட்டை வாலைப் பிடித்து எழுப்பிப் பழகிய மனிசன் அவர். சுற்றி வந்து பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு எரிச்சலோடு கேட்டார்: "இவ்வளவு பெரிய சாமானச் செஞ்சவனுக்கு ஒரு வால் வைக்கத் தெரியல்லியா?"

சோதனை

வடக்கே போகும் றோட்டில் ஒருநாள் பொலிஸ் மறித்தது. பழைய பைக்கில் போன காலத்தில் ஒருவரும் என்னை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இப்போது இரண்டு பெட்டி, ஒரு குடுவை, வெடித்த தடுப்பு, முழு ஹெல்மெட். நானே என்னை மறித்திருப்பேன். பெட்டிக்குள் கைக்கு உறை, கத்தரிக்கோல், சவர்க்காரம். பிறகு குடுவையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். வெள்ளைப் புகை பொங்கி வழிந்து றோட்டில் இறங்கியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் பின்வாங்கினார்கள். நான் பதறிப்போய், இது மாட்டுச் சாமான் ஐயா, மாடு கன்று போடுவதற்கு, என்று கையாலும் காலாலும் விளங்கப்படுத்தினேன். வயதில் மூத்தவருக்கு ஒருவாறு விளங்கிற்று. சிரிக்கவில்லை. மரத்தடியில் நின்ற தங்கள் பைக்கைப் பார்த்தார், என்னுடையதைப் பார்த்தார், சிங்களம் கலந்த கொச்சைத் தமிழில் பெருமூச்சோடு சொன்னார்: "கள்ளன் புடிக்கிற எங்களுக்கு அது. மாடு பாக்கிற உனக்கு இது. சரி, போ."

முந்திப் போனவன்

கடைசியில் அந்த போன் வந்தது. விடிந்து கொஞ்ச நேரம். "தம்பி, கத்துது!" யோகேஸ்வரி அக்காதான். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் பறந்தேன். கல்லடிப் பாலம், ஏறாவூர், ஓட்டமாவடி என்று ஒவ்வொன்றாய்ப் பின்னுக்குப் போக, பைக் முதல்தரமாகக் கோபம் தீர்ந்து ஓடியது. பனிச்சங்கேணிப் பாலத்தில் வாவிக் காற்று முகத்தில் அடித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். இந்த முறை பிந்தவில்லையடா என்று எனக்கு நானே கத்தினேன். சத்தத்தில் பசு வெருளக்கூடாதென்று தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, குடுவையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

போய்ப் பார்த்தால், பசு இன்னும் சரியாக வரவில்லை. பக்கத்து வீட்டு, இன்னும் கன்று போடாத நாகு மாடு மேலே ஏறப் பார்க்க, இது நின்றுகொடுக்காமல் விலகி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கத்தினால் பின்னேரம் போட வேண்டும் என்பது என் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் பாருங்கள், இத்தனை வருசமும் பிந்திப் பிந்தியே போனவனுக்கு முந்திப் போனால் என்ன செய்வதென்று தெரியவில்லை! "வந்திட்டிங்கதானே, போட்டிட்டுப் போங்க தம்பி" என்று அக்கா கெஞ்சினா. பயம் அவவுக்கு, மாடு அடங்கிவிடுமோ என்று. அந்த நேரம் பார்த்துக் களுவாஞ்சிக்குடிப் பண்ணை முதலாளி போன் எடுத்தார். அவருடைய மாடு இரவிலிருந்து கத்துகிறது, உடனே வா. என் வருமானத்தில் பெரிய பங்கு அவருடைய பண்ணைதான். இங்கே இப்போதே போட்டுவிட்டு ஓடினால் இரண்டு பேரும் சந்தோசப்படுவார்கள். அக்காவின் மாடு மட்டும் தங்காது. கை உறையைப் போட்டேன். கழற்றினேன். பிறகு மாட்டைப் பார்த்தேன். அது பாட்டுக்கு நின்று கத்தியது. முதலாளியிடம், வேறு ஆளைக் கூப்பிடுங்கள், பின்னேரம் வரை நான் இங்கேதான், என்று சொல்லிவிட்டேன். அவர் வெடித்தார்: "அவ்வளவு பெரிய பைக் வாங்கினது பனிச்சங்கேணியில போய்ப் படுத்துக் கிடக்கவாடா?"

கயிறு

அன்று பின்னேரம் பசு அசையாமல் நின்றது, போட்டேன். மூன்று கிழமை கழிந்தது, அக்காவிடமிருந்து போன் இல்லை. மாடு திரும்பவும் கத்தவில்லை என்பது நல்ல செய்திதான், ஆனாலும் கத்தாமலே ஏமாற்றுகிற மாடுகளும் இருக்கின்றன. பண்ணை முதலாளியும் என்னைக் கூப்பிடவில்லை. வேறு ஆளைப் பிடித்துவிட்டார் என்று விளங்கியது. இரண்டு மாதம் ஆனபின் சினை பார்க்கிற நாள் வந்தது. போனபோது வேலியில் ஒரு புதுக் கயிறு தொங்கியது. எங்கள் பக்கத்தில் மாடு விற்பவர் தன் கயிற்றைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் பட்டியின் அதிர்ஷ்டமும் போய்விடும் என்பார்கள். வாங்குகிறவன்தான் கயிறு கொண்டுவர வேண்டும். வியாபாரி நேற்றே வந்து தொங்கவிட்டுப் போயிருக்கிறான். அக்கா வேண்டாமென்று சொல்லவுமில்லை, சரியென்று சொல்லவுமில்லை.

கையை உள்ளே விட்டேன். அக்கா மாட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. எனக்கும் கண்ணை மூடத் தைரியமில்லை. விரல் தேடியது. முதலில் ஒன்றும் படவில்லை. பிறகு பட்டது. கருப்பை ஒரு பக்கம் தண்ணீர்ப் பலூன் மாதிரி தளதளவென்று உருண்டு நின்றது. "தங்கியிருக்குக்கா" என்றேன். அக்கா அழவில்லை, கும்பிடவில்லை, ஒன்றுமில்லை. விறுவிறென்று வேலிக்குப் போய் அந்தக் கயிற்றை இழுத்தெடுத்துச் சுருட்டி, என் பைக்கின் பெட்டியைத் தானே திறந்து உள்ளே போட்டு, படாரென்று மூடினா. அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டா: "வியாபாரிட வீடு வாகரைச் சந்தியில தம்பி. அவன் இஞ்ச வாறத்துக்குள்ள இத அவனிட்டக் குடுத்திருங்க. உங்கட பைக் கெதியாப் போகுமல்லோ!"

ஆகவே பழசு வாங்கப் போகும் சக பாவிகளே, இந்த நானூறு சிசியில் நான் இதுவரை உண்மையிலேயே அவசரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த சாமான் ஒரே ஒரு கயிறுதான்.