ஊர் கேட்டுக் கூப்பிட்ட சண்முகண்ணன்

சண்முகண்ணன் போய்விட்டார் என்று கோவில்பட்டியிலிருந்து அவர் மகன் போன் செய்தபோது, இங்கே வளைகுடாவில், அல் கூஸ் தொழிலாளர் கேம்ப் வாசலில் பஸ்ஸுக்கு ஆள் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தப்பிவிட்டது. மறுபடி எண்ண எனக்குத் தெம்பில்லை.

எங்கள் கம்பெனியில் விசா, பாஸ்போர்ட் வேலைகளைப் பார்த்தவர் அவர். அவரோடு இருந்தவர்களுக்கு அவர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ரகசியம் பேசினாலே பக்கத்து கேம்புக்குக் கேட்கும். லீவில் போகிறவர்களை மெஸ்ஸில் உட்காரவைத்து, பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவரின் நாட்டையும் பெயரையும் வாசித்துப் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுப்பது அவர் வழக்கம்.

ருஸ்தம் எங்கள் வெல்டர். அவன் பிறந்த பகுதி தன்னைத் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. யாரும் ஏற்கவில்லை. பக்கத்து நாடு படையோடு வந்து தன்னோடு சேர்த்துக்கொண்டது. அவனுடைய சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருப்பதால் அந்தப் பகுதியின் பெயரை எழுதாமல் விடுகிறேன். பழைய பாஸ்போர்ட் செல்லாமல் போனதால், அந்தப் பக்கத்து நாட்டின் பாஸ்போர்ட்டைத்தான் அவன் வாங்க வேண்டியிருந்தது. ஊரில் அப்பா சாகக் கிடந்தார். அன்று மதியம் பிளைட்.

பாஸ்போர்ட்டில் இருந்தபடியே அந்த நாட்டைச் சொல்லி அண்ணன் கூப்பிட்டார். ருஸ்தம் எழுந்திருக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏர்போர்ட் வண்டி வெளியே நின்றது. "யல்லா பாய், ஜல்தி" என்று அவனை அவசரப்படுத்திக் கத்தியவன் நான்தான். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"நீ சும்மா இருடே. தப்பு எம்மேலதான்" என்றார் அண்ணன். "பாஸ்போர்ட்டு கவர்மெண்ட்டு குடுக்கது. ஆள அதுவா குடுத்துச்சு?"

பட்டியலில் அந்த நாட்டை அடித்துவிட்டு ருஸ்தம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தன் அரைகுறை இந்தியில், "பாய், காவ் கா நாம் போலோ" என்று கேட்டார். அவன் சொன்ன ஊர்ப் பெயரை அந்தப் பட்டியலிலேயே தமிழில் எழுதிக்கொண்டு வந்து, அதைச் சொல்லிக் கூப்பிட்டார். அசல் கோவில்பட்டி உச்சரிப்பு. ருஸ்தம் எழுந்து வந்து வாங்கிக்கொண்டான். அப்பாவோடு கடைசி இரண்டு நாள் இருக்க முடிந்ததாகப் பிறகு போனில் சொன்னான்.

அதற்குப் பிறகு அண்ணன் எல்லோரையும் ஊர் கேட்டுத்தான் கூப்பிட்டார். பெஷாவரும் மானாமதுரையும் அவர் வாயில் ஒரே மாதிரி ஒலித்தன. நாங்கள் கேலி செய்தோம். அவருக்குக் கோபமே வராது.

வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகும்போது கோப்புகளை என்னிடம் ஒப்படைத்தார். ருஸ்தம் ஊருக்குப் போன நாளின் பட்டியலை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ருஸ்தமின் ஊருக்கு அந்தப் பக்கத்து நாடு வேறு பெயர் வைத்துவிட்டதாம்; வரைபடத்திலும் புதுப் பெயர்தானாம். பழைய பெயர் என் பெட்டியில் இருக்கிறது, அண்ணனின் கோணல் தமிழ் எழுத்தில்.