மாலை போட்டவன் காலில் ஏறிய ஊசி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துப் படியுங்கள்.

பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டிக் கழுவுவது என் வேலை. சபரிமலைக்கு மாலை போட்டால் காலில் எதுவும் போடக் கூடாது. அதனால் போன கார்த்திகையில், வேலைக்குத் தந்த பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு கூட்டினேன். மாலை போட்டவன் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டபோது குதிகாலில் சுருக்கென்றது. யாருக்கோ போட்டுவிட்டுக் கீழே தவறவிட்ட ஊசி. ரத்தத்தைப் பிதுக்கிவிட்டு விபூதி வைக்கலாம் என்று குனிந்தேன். வார்டு சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"பிதுக்காதீங்க சாமி. குழாயத் தொறந்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவுங்க. யாரு ரத்தமோ, என்ன நோயோ. இப்பவே போயி மாத்திரை வாங்கணும்."

"லேசாத்தான் குத்துச்சு சிஸ்டர். ஐயப்பன் பாத்துக்குவாரு."

"அவரா வந்து டெஸ்ட் எடுப்பாரு? கெளம்புங்க."

மாத்திரை தருவது டவுன் அரசு ஆஸ்பத்திரியில், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் அறையில். அந்த வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாலே ஊரில் கதை கட்டிவிடுவார்கள். நானோ நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன். இடுப்பில் கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை. எதிரே எங்கள் குரும்பலூர்க்காரர் ஒருவர் மருந்துச் சீட்டோடு நின்றார். திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் எனக்கு ஏதாவது வந்தால் வீட்டில் மனைவிக்கும் வரும். உட்கார்ந்தேன்.

"என்ன சாமி, இந்தப் பக்கம்?"

"வேலையில ஊசி குத்திடுச்சுங்க. மாத்திரைக்கு வந்தேன்." சத்தமாகவே சொன்னேன்.

அன்று சாயங்காலம் எனக்கு மாலை போட்டுவிட்ட குருசாமி வீட்டுக்குப் போனேன்.

"ஆஸ்பத்திரிக்குள்ள பூட்ஸ் போட்டுக்கப்போறேன் சாமி. கூடாதுன்னா மாலையக் கழட்டிடறேன்."

"கழட்டிட்டு எங்க போகப்போறீங்க? மலையேறக் காலு வேணும்ல. உள்ள போட்டுக்குங்க, வெளிய வந்தா கழட்டிடுங்க சாமி."

மாத்திரை வயிற்றைப் புரட்டியது. ஒரு வேளைகூட விடாமல் விழுங்கினேன். வைகாசியில் எடுத்த கடைசி ரத்தத்திலும் ஒன்றுமில்லை என்றார்கள்.

நாளைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு பேர் மாலை போடுகிறார்கள். வெறுங்காலோடு வார்டுக்குள் போகாதீர்கள் என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. இதைக் கொடுத்துவிட்டு, படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.

ஐப்பசி கடைசி நாள்.