கடல் வரைபடத்தில் ஒரு சந்தனப் பொட்டு

கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மண்ணூரில் பிறந்து ஒரகடத்தில் வேலை பார்க்கும் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏரித் தண்ணீர்தான். அப்படியிருக்க, என் தங்கையின் பிழைப்புக்கு உலை வைத்தது ஒரு பழைய கடல் வரைபடம் என்றால் யார் நம்புவார்கள்? நானே இன்னும் முழுசாக நம்பவில்லை.

காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் லைனில் நான் இருக்கிறேன். தங்கை அதே கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். நான் பர்மனென்ட், அவள் காண்ட்ராக்ட். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பார்க்கும்போது ஜாதகத்துக்கு முன்னால் இதைத்தான் கேட்பார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அவள் தன் மகளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இருந்தாலும் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ள அவள் கை தயங்கும். தனியாக ஒரு வாடகை வீடு, அதற்கு ஒரு பர்மனென்ட் வேலை, இவ்வளவுதான் அவள் கேட்டது. அந்த வருஷம் ஹவுஸ்கீப்பிங் ஆட்களில் சிலரைக் கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொள்ளப் போகிறது, அதில் அவளும் ஒருத்தி என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வல்லக்கோட்டை முருகனுக்கு நிம்மதியே இல்லாமல் செய்துவிட்டாள்.

எங்கள் பிளான்ட்டின் தலைவர் வெளிநாட்டுக்காரர். வந்ததும் தன் அறையில் அந்த வரைபடத்தை மாட்டினார். அவருடைய முன்னோர் ஒருவர் கப்பலில் வேலை பார்த்தவராம், அவர் வைத்திருந்ததாம். அச்சடித்ததில்லை, தடித்த தாளில் கையால் வரைந்தது. அவர் ஊரில் இல்லாத ஒரு நாள் தங்கை தன் கார்டால் மாடிக் கதவைத் திறந்து என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். சட்டென்று எதையும் அழகு என்று ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். ஆனால் அது அழகு. மூலைக்கு மூலை கன்னம் உப்ப ஊதுகிற முகங்கள், அதுதான் காற்றாம். நடுக்கடலில் செதில் செதிலாக ஒரு பூத மீன். பாய் விரித்த கப்பல்கள். திசை காட்டும் ஒரு நட்சத்திரம், அதற்குப் பொன் நிறத்தில் மை. கரையோரம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி பொடிப்பொடியாக ஊர்ப் பெயர்கள். கரையைத் தாண்டி நிலத்துக்குள் வந்தால் ஒன்றுமே இல்லை, வெறும் தாள். சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு யானையை நிறுத்தியிருந்தார்கள். அது பன்றிக்குத் தும்பிக்கை ஒட்டியது போல இருந்தது.

“சார், மை ஊரு வேர்?” என்று தங்கை ஒரு நாள் அவரிடமே கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே கரையில் விரல் வைத்து, கொஞ்சம் உள்ளே தள்ளி, வெள்ளையாக இருந்த இடத்தில் நிறுத்தினாராம். கப்பல்காரர்களுக்கு உள்நாடு தேவைப்படவில்லை, அதனால் வரையவில்லை என்று விளக்கமும் சொன்னாராம். சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்.

“நம்ம ஊரு அதுல இல்லவே இல்லக்கா. வெள்ளையா வுட்டு வெச்சிக்கிறாங்க.”

“ரேஷன் கார்டுல கீது இல்ல? அது போதும்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “அவரு டெய்லி காப்பி குடிச்சிக்கினே அது முன்னாடி நிக்கிறாருக்கா. சாமி கும்புட்ற மாதிரியே கீது” என்றாள்.

ஆயுத பூஜை வந்தது. அதற்கு முந்தின வாரம் வரைபடத்தின் கண்ணாடிக்குள் மழைக்காலத்துப் பூஞ்சை படிந்துவிட்டது என்று சட்டத்தைக் கழற்றியிருந்தார்கள். புதுக் கண்ணாடி வரும்வரை அது அவருடைய பெரிய மேஜையில் திறந்தபடி கிடந்தது. சூப்பர்வைசர் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் தங்கை கையில் கொடுத்து, “ஆபீஸ் ரூம் பூரா உன் பொறுப்பு. எதையும் வுட்றாத. அப்புறம் எது ரிப்பேரானாலும் உன்னியதான் கேப்பேன்” என்று சொன்னார். லைனில் நாங்கள் மெஷின்களுக்கும் டிராலிகளுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம். அவள் மேலே கம்ப்யூட்டருக்கு வைத்தாள், பிரின்டருக்கு வைத்தாள், ஏசி ரிமோட்டுக்கும் வைத்தாள். பிறகு வரைபடத்துக்கும் வைத்தாள்.

“லாரிக்கு வெக்கிறோம், ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வெக்கிறோம். கப்பல் ஓட்றவனுக்கு அதானக்கா ஆயுதம்?” என்று பின்னால் என்னிடம் கேட்டாள். பொட்டை ஓரத்தில் வைத்திருந்தாலாவது தப்பித்திருப்பாள். அவர் விரல் வைத்துக் காட்டிய அந்த வெள்ளை இடத்தில், நம் ஊரில், வைத்திருக்கிறாள். பன்னீரில் குழைத்த சந்தனம். ஈரம் தாளில் இறங்கிப் பரவி, பக்கத்தில் இருந்த கரையின் மையைக் கரைத்துவிட்டது. பதறிப்போய் ஈரத் துணியால் துடைத்தும் இருக்கிறாள். ஹவுஸ்கீப்பிங் கை, வேறென்ன செய்யும்? கரையோரத்து ஊர்கள் பாதி அழிந்துபோயின.

கேட்டில் பூசணிக்காய் உடைத்துவிட்டு மேலே வந்த தலைவர் அதைப் பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். அப்படியே திரும்பி வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று தங்கை அழுதாள். “உன்னிய யாரு அதுக்கெல்லாம் வெக்கச் சொன்னது?” என்று அதே சூப்பர்வைசர் அதே வாயால் கத்தினார்.

பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குப் போனோம். கேட்டில் என் கார்டுக்குப் பச்சை விளக்கு எரிந்தது, அவள் கார்டுக்குச் சிவப்பு. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தாள். காண்ட்ராக்டரின் ஆள் வந்து, “வேற சைட்ல வேல வந்தா சொல்றோம்மா” என்று கார்டை வாங்கிக்கொண்டான். டிபன் பாக்ஸோடு அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள், நான் உள்ளே நின்றேன். பின்னால் வரிசை நிற்கிறது, போங்கள் என்றார் செக்யூரிட்டி. நான் லைனுக்கு நடந்தேன்.

தலைவரின் அறைக்குப் புது ஆள் வந்தாள், தண்டலம் பக்கத்துப் பெண். ஹவுஸ்கீப்பிங்கில் எல்லோருக்கும் அதே நீல யூனிஃபார்ம், அதே தொப்பி, அதே மாஸ்க். ஒரு நாள் கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, அந்த வெள்ளக்கார சாரு என்னாண்ட வந்து இன்னாமோ பேசினாரு. நெஞ்சுல கைய வெச்சிக்கினு, டோன்ட் வொரி, நோ ப்ராப்ளம்னாரு. மேஜையக் காட்டினாரு. நான் இன்னா தப்பு பண்ணேன்னே தெர்ல. தேங்க்யூ சார்னு சொல்ட்டேன். தப்பாக்கா?”

“தப்பில்லம்மா, சாப்புடு” என்றேன். என் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

நேராகச் சூப்பர்வைசரிடம் போனேன். தலைவர் மன்னித்துவிட்டார், என் தங்கையைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். “அவரே மன்னிச்சிட்டாருன்னா மேட்டர் முடிஞ்சிபோச்சி. நீ போய்க் கெளறாத” என்றார்.

“யாரை சார் மன்னிச்சாரு? அது வேற பொண்ணு.”

“அது அவருக்குத் தெரிய வேணாம். ஆள வேலைய வுட்டுத் தூக்கினது அவருக்குத் தெரிஞ்சா எங்களப் பிடிப்பாரு. நீ லைனுக்குப் போ.”

மாடிக்குப் போகும் கதவு என் கார்டுக்குத் திறக்காது. தலைவர் கீழே வரும்போது பிடித்துக்கொள்ளலாம் என்று நாள்கணக்கில் பார்த்தேன். வந்தபோதெல்லாம் அவரைச் சுற்றி ஆட்கள்.

தினமும் நான் செருப்பைக் கழற்றும்போதே தங்கை கேட்பாள். ஒன்றுமில்லை என்று சமாளித்துவந்தேன். ஒரு நாள் சாயந்திரமும் அப்படித்தான் கேட்டாள். “சாரு இன்னாச்சும் சொன்னாராக்கா?”

“அவருக்குக் கோவம் இல்லியாம்” என்றேன். அடுத்ததை எப்படிச் சொல்வது என்று நான் தேடுவதற்குள் அவள் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வாரமாக அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. அலமாரியைத் திறந்து நீல யூனிஃபார்மை எடுத்துத் தரையில் விரித்தாள். இஸ்திரிப் பெட்டியைச் செருகிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ நாளிக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸுக்கே வந்துடட்டுமாக்கா?”