வாசலில் கட்டிய வேப்பிலை

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மாசி மாதம் மகள் தர்மிகாவின் முதுகில் கொப்புளம் கண்டதும், கமலேஸ்வரி குரலைத் தாழ்த்தித் தன் புருசனிடம், "அம்மாள் வந்திருக்கிறா" என்றாள். நாம் சொன்னால் குற்றமில்லை, அது கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை. அவள் சொல்லமாட்டாள். கோபக்காரியைக் கோபக்காரி என்று முகத்துக்கு நேரே யாராவது கூப்பிடுவார்களா? அம்மாள், ஆச்சி, குளிர்ந்தவள் என்று கொஞ்சித்தான் சமாளிக்கவேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் காய்ச்சல் என்றே சொல்லிவைத்தாள்.

தமிழ்க் கடையில் வாடல் வேப்பிலை கிடைத்தது. ஒஸ்லோவின் ஹொல்ம்லியா பகுதியிலிருந்த அடுக்குமாடி வீட்டின் கதவில் அதைக் கட்டிவிட்டு, இனி ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தாள். ஊரிலென்றால் தபால்காரரும் வேலிப் படலையோடு திரும்பிவிடுவார்.

மேல்மாடி யதுர்ஷா திரும்பவில்லை. ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, வயிற்றில் ஐந்து மாதம். "கதவு வடிவாயிருக்கு அன்ரி" என்றபடி நேரே போய்த் தர்மிகாவைக் கட்டிக்கொண்டாள். கொப்புளங்களைச் சட்டை மூடியிருந்தது. என்ன வருத்தம் என்று கேட்டவளிடம், சின்னக் காய்ச்சல் என்று சொல்லிக் கமலேஸ்வரி சிரித்து வைத்தாள்.

அவள் போன பிறகுதான், தர்மிகா வயிற்றிலிருந்தபோது தாதி சொன்னது நினைவுக்கு வந்தது: பிள்ளைத்தாச்சிக்கு இது தொற்றினால் ஆபத்து, உடனே வந்தால் ஊசி இருக்கிறது. ஆனால் பெயரைச் சொன்னால் அம்மாள் சும்மா விடுவாளா? தர்மிகாவுக்கோ உடம்பு அனலாய்க் கொதித்தது. பாழாய்ப்போன பயம்! ஒரு முழு நாள் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

மறுநாள் படியேறிப் போனாள். அம்மாளுக்கு நோர்வேஜிய மொழி தெரியாமலிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, "தர்மிகாவுக்கு வான்கொப்பர், பிள்ளை. உடனே டொக்டரிட்டைப் போ" என்றாள்.

யதுர்ஷாவின் கை வயிற்றுக்குப் போனது. சின்ன வயதில் தனக்கு அது வந்ததேயில்லை என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கதவிலை கட்டினது அதுக்கோ? நான் வடிவெண்டு சொல்ல, நீங்கள் சிரிச்சீங்களே அன்ரி."

கமலேஸ்வரி கீழே வந்து மகளின் கட்டிலருகே குந்தினாள். பிள்ளை அனத்திக்கொண்டிருந்தது. மேலே யதுர்ஷாவின் கதவு சாத்தப்படும் சத்தமும், அவசரமாகப் படியிறங்கும் சத்தமும் கேட்டன.

"பேரைச் சொன்னது நான், தாயே," என்றாள் அழுதபடி. "கோவமெண்டால் என்னிலை காட்டு. ரெண்டு பிள்ளையளையும் விட்டிடு."